வட்ட மேசையில் 120 வழிகள்

ஆறு பேரை ஒரு வட்ட மேசையைச் சுற்றி 120 விதமாக உட்கார வைக்கலாம். எல்லாரும் ஒரே திசையில் ஓரிடம் தள்ளி உட்கார்ந்தால் யார் பக்கத்தில் யார் என்பது மாறாது. அதனால் ஒருவரை அசையாமல் வைத்துவிட்டு மற்ற ஐவரை மட்டும் மாற்றினால் போதும்: 5×4×3×2×1. யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கண்டுபிடிக்கச் சொல்லும் தேர்வுப் புதிரில் வரும் ஒவ்வொரு குறிப்பும் இந்த 120-ஐக் குறைத்துக்கொண்டே வரும். எதை முதலில் எடுப்பது என்பதில்தான் நேரம் மிச்சமாகிறது.

நேரம் நிஜமாகவே குறைவு. டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் நடத்தும் ஐலெட் என்ற சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வில் 120 நிமிடத்தில் 150 கேள்விகள். லாஜிக்கல் ரீசனிங், அதாவது தர்க்கத் திறன் கேள்விகள் மட்டும் 70. ஒரு கேள்விக்கு 48 வினாடி. ஒரு புதிரை வைத்து ஐந்து கேள்வி கேட்டால், படம் போடுவதையும் சேர்த்து நான்கே நிமிடம்.

ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். ஆறு பேரும் மேசையின் நடுவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். ராணியும் பாபுவும் அடுத்தடுத்து இல்லை. ஜான் கவிதாவின் பக்கத்தில் இல்லை. பாபு செல்வியின் பக்கத்தில். செல்வி மாறனுக்கு இடப்பக்கம் இரண்டாவது. கவிதாவுக்கு நேர் எதிரே மாறன்.

முதல் வரியிலிருந்தே ஆரம்பித்தால் 120-இல் 72 வழிகள் அப்படியே நிற்கும். கடைசி வரியை எடுத்தால் 24 தான். ஆகவே முழுவதும் படித்துவிட்டு, இடத்தை உறுதியாகச் சொல்லும் குறிப்பிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு கடிகாரம் வரைந்து 6 மணியில் கவிதா, 12 மணியில் மாறன். நடுவைப் பார்த்து உட்கார்ந்தவரின் இடப்பக்கம் கடிகாரச் சுற்று. மாறனிலிருந்து 2 மணி ஒன்று, 4 மணி இரண்டு, செல்வி 4-இல். மிச்சம் 6 வழிகள்.

காலி இடங்கள் 8, 10, 2. ஒதுக்கி வைத்த ‘இல்லை’ குறிப்புகள் இப்போதுதான் பலம் பெறுகின்றன. 8-ம் 10-ம் ஒட்டிய இடங்கள். ராணியும் பாபுவும் அங்கே சேர்ந்து உட்கார முடியாது. எனவே ஜானுக்கு 2 கிடையாது: 4 வழிகள். கவிதாவை ஒட்டிய 8-ம் கிடையாது: ஜான் 10-இல், 2 வழிகள். பாபு செல்வியை ஒட்டி 2-இல், ராணி 8-இல். முடிந்தது.

பெரும்பாலும் சறுக்குவது இடம்-வலத்தில். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: இடப்பக்கத்தைத் தொடக்கம் முதல் கடைசிவரை தலைகீழாகவே எடுத்தால் படம் கண்ணாடிப் பிம்பமாக வரும், ‘வலப்பக்கம் யார்’ என்ற கேள்விக்கு விடை மட்டும் சரியாகவே வந்துவிடும். ‘கடிகாரச் சுற்றில் அடுத்தவர் யார்’ என்று கேட்டால்தான் மாட்டிக்கொள்வோம். அதைவிட ஆபத்து பாதியில் மாறுவது. மேலே சரியாகப் படம் போட்டுவிட்டு, கவிதாவின் வலப்பக்கத்தைக் கடிகாரச் சுற்றில் தேடினால் செல்விக்குப் பதில் ராணி வருவார். சிலர் வெளிப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அம்புக்குறி போடுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளப் பார்க்காதீர்கள்.

எண்ணுவதிலும் தவறு நடக்கும். ‘இரண்டாவது’ என்றால் நடுவில் ஒருவர். ‘நடுவில் இருவர்’ என்றால் மூன்றாவது. சொந்த இடத்தையே ஒன்று என்று எண்ணத் தொடங்கினால் எல்லாம் ஓரிடம் பிசகும்.

இந்தப் புதிருக்குப் படம் எவ்வளவு அவசியம் என்பதற்கு அமெரிக்காவின் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட்டே சாட்சி. படம் வரைந்து தீர்க்க முடியாத பார்வையற்ற தேர்வர்களுக்கு அதில் இருந்த இத்தகைய புதிர்ப் பகுதி அநீதி என்று வழக்கு நடந்து, 2019-இல் சமரசம் ஆனது. 2024 ஆகஸ்ட் முதல் அந்தப் பகுதியே இல்லை. நியாயமான முடிவு.

ஒரு குறிப்பு இரண்டு இடங்களுக்கு வழிவிட்டால் அழித்து அழித்து எழுதாமல் இரண்டு படமாகப் போடுங்கள். அடுத்த குறிப்புகளில் ஒன்று முரண்பட்டால் அதைக் குறுக்கே அடித்துவிடலாம். முரண்படாமல் இரண்டுமே நின்றால், ‘உறுதியாகச் சரி எது’ என்ற கேள்விக்கு இரண்டு படத்திலும் பொருந்துவதே விடை.