இரண்டு வயதுக் குதிரையின் வேகம் எங்கிருந்து வருகிறது?

“ராயல் ஆஸ்காட்டில் ஓடும் இரண்டு வயதுக் குதிரைகள் அதற்கு முன் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் ஓடியிருக்கும். அப்படியிருக்க, எது ஜெயிக்கும் என்று நிபுணர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள்? இதில் அறிவியல் ஏதாவது இருக்கிறதா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இருக்கிறது. முழு விடையையும் அது தராது. ஆனால் அதில் ஒரு பகுதி, நான் படித்த உயிரியலிலேயே மிக அழகான கதைகளில் ஒன்று. அதற்குப் போவதற்கு முன் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்காட் இங்கிலாந்தின் பெர்க்‌ஷயரில் இருக்கிறது. 1711-ல் ஆன் அரசியின் விருப்பத்தால் உருவான பந்தயத் திடல் அது. ஜூன் மாதத்தில் ஐந்து நாள் நடக்கும் ராயல் ஆஸ்காட்டில் இரண்டு வயதுக் குதிரைகளுக்கென்றே தனிப் பந்தயங்கள் உண்டு. குவீன் மேரி, நார்ஃபோக் இரண்டும் 5 பர்லாங். கவென்ட்ரி, அல்பனி 6 பர்லாங். செஷம் 7 பர்லாங். ஒரு பர்லாங் என்பது சுமார் 201 மீட்டர். ஆக, 5 பர்லாங் பந்தயம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். சுமார் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

‘இரண்டு வயது’ என்பதையும் அப்படியே நம்பிவிட முடியாது. வட அரைக்கோளத்தில் பிறக்கும் தரோபிரெட் (பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் இனம்) குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1-தான் பிறந்தநாள். பிப்ரவரி தொடக்கத்தில் பிறந்த குட்டிக்கு ஜூன் நடுவில் 28 மாதம் தாண்டியிருக்கும். மே மாதம் பிறந்ததற்கு 25 மாதம்தான் ஆகியிருக்கும். இதுவரை வாழ்ந்த காலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம், ஆனால் இரண்டும் ஒரே கோட்டிலிருந்து புறப்படுகின்றன. அதனால் இளங்குதிரைகளை எடைபோடுபவர்கள் முதலில் பார்ப்பது பிறந்த தேதியை.

அப்புறம் நேரக் கணக்கு. குதிரை முன்பு ஓடிய பந்தயத்தை ஒவ்வொரு பர்லாங்காகப் பிரித்து, கடைசிப் பகுதியில் வேகம் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். குதிரைகளுக்கு இடையிலான இடைவெளியைக் குதிரை சுமக்கும் எடையாகவும் மாற்றுவார்கள்: 5 பர்லாங்கில் ஒரு குதிரை நீளம் என்பது சுமார் 3 பவுண்டு, ஒரு மைலில் சுமார் 2 பவுண்டு. தூரம் கூடக்கூட அதே சுமை குதிரையை அதிகமாகப் பின்தள்ளும் என்பதால் இந்த வித்தியாசம். நல்ல முறைதான். ஆனால் ஒரே ஒரு பந்தயம் ஓடிய குட்டியிடம் இதற்குத் தீனி போடத் தரவு ஏது? ஆகவே உடம்பைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. உடம்பு என்றால் முதலில் தசை.

1997-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சே-ஜின் லீயும் அவருடைய சகாக்களும் எலிகளில் ஒரு மரபணுவைச் செயலிழக்க வைத்தார்கள். அந்த எலிகளின் தசைகள் மற்ற எலிகளின் தசைகளைவிட இரண்டு மூன்று மடங்கு கனமாக வளர்ந்தன. அந்த மரபணு தயாரிக்கும் புரதத்துக்கு மயோஸ்டாட்டின் என்று பெயர். தசை வளர்ச்சிக்கு அது ஒரு பிரேக். பிரேக் பிடிக்காவிட்டால் தசை வளர்ந்துகொண்டே போகும். பெல்ஜியன் புளூ மாடுகளின் திரண்ட உடலுக்கும் இதே மரபணுவில் உள்ள பிழைதான் காரணம். விப்பெட் என்ற பந்தய நாய்களில் இன்னும் சுவாரசியம். பிழையுள்ள மரபணு ஒரு பிரதி மட்டும் இருந்தால் நாய் மற்றவற்றைவிட வேகமாக ஓடுகிறது. இரண்டு பிரதியும் பிழையாக இருந்தால் தசை மிதமிஞ்சித் திரண்டுவிடுகிறது. 2007-ல் இது தெரியவந்தது.

குதிரை இந்தக் கதைக்குள் 2010-ல் நுழைந்தது. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் எம்மலின் ஹில் தலைமையிலான குழு, தரோபிரெட் குதிரைகளின் மயோஸ்டாட்டின் மரபணுவில் ஒரே ஒரு டி.என்.ஏ எழுத்து மாறியிருப்பதைக் கவனித்தது. சில குதிரைகளுக்கு அந்த இடத்தில் சைட்டோசின் (சி), சிலவற்றுக்குத் தைமின் (டி). தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்பதால் ஒவ்வொரு குதிரையும் சி-சி, சி-டி, டி-டி என்ற மூன்றில் ஒரு வகை. அந்தக் குதிரைகள் தங்கள் சிறந்த வெற்றிகளை எந்தத் தூரத்தில் பெற்றன என்று பார்த்தபோது கணக்கு அப்படியே பிரிந்து நின்றது. சி-சி வகைக்குச் சராசரி 6 பர்லாங்கை ஒட்டி, சி-டி வகைக்கு 9, டி-டி வகைக்கு 10-க்கு மேல்.

ஒரு எழுத்து! கோடிக்கணக்கான எழுத்துகள் கொண்ட மரபணுத் தொகுப்பில் ஒரே ஓர் எழுத்தைப் பார்த்து, இந்தக் குட்டி எவ்வளவு தூரம் ஓடப் பிறந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். முதலில் படித்தபோது என்னால் நம்ப முடியவில்லை.

உள்ளே போய்ப் பார்த்தால் இன்னும் அழகு. வேலையைச் செய்வது அந்த எழுத்தே அல்ல. அது ஒரு அடையாளக் குறி மட்டும்தான். அதனுடன் சேர்ந்தே பரம்பரையாக வரும் வேறொரு மாற்றம் இருக்கிறது. மரபணுத் தொகுப்பில் தன்னைத்தானே நகலெடுத்து வேறோர் இடத்தில் போய்ச் செருகிக்கொள்ளும் துண்டுகள் உண்டு. அப்படிப்பட்ட 227 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு, மயோஸ்டாட்டின் மரபணுவுக்குச் சற்று முன்னால், அதை இயக்கிவைக்கும் பகுதியில் வந்து உட்கார்ந்துகொண்டது. புரதத்தை எழுதும் பகுதி கெடவில்லை. இயக்கும் பகுதியில் இடைஞ்சல் வந்துவிட்டதால் மரபணு முழு வேகத்தில் வேலை செய்வதில்லை. மயோஸ்டாட்டின் குறைவாகச் சுரக்கிறது. விப்பெட்டுக்கு நேர்ந்ததைப் போன்ற சேதம் இல்லை, மென்மையான ஒரு குறைப்பு.

அதன் விளைவு இரண்டு. தசையின் அளவு கூடுகிறது. தசை இழைகளின் கலவையும் மாறுகிறது. ஆக்சிஜனுக்குக் காத்திராமல் சர்க்கரையை உடைத்து உடனடி விசை தரும் வேக இழைகள் அதிகமாகின்றன. அவை சீக்கிரம் களைத்துவிடும். ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா நிறைந்த, நின்று நிதானமாக உழைக்கும் இழைகளின் பங்கு குறைகிறது. 6 பர்லாங்குக்கு முதல் வகை போதும். 12 பர்லாங் ஓடும் டெர்பி என்ற புகழ்பெற்ற இங்கிலாந்துப் பந்தயத்துக்குப் போதாது.

நம் வாசகரின் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவது அடுத்தது. சி-சி குட்டிகளுக்கு இரண்டு வயதிலேயே, உயரத்துடன் ஒப்பிட்டால், தசை கூடுதலாக இருக்கிறது. டி-டி குட்டிகள் அந்த வயதில் பந்தயங்களில் பின்தங்குகின்றன. அவற்றின் காலம் மூன்று, நான்கு வயதில் வரும். ஆக, ஜூன் மாத ஆஸ்காட்டில் 5, 6 பர்லாங் பந்தயங்கள் இயல்பாகவே ஒரு வகை மரபணுவுக்குச் சாதகமாக அமைந்திருக்கின்றன.

மரபணுச் சோதனை முடிவு குதிரைச் சொந்தக்காரரிடம் இருக்கும், வெளியில் வராது. ஆனால் அனுபவசாலிகள் அணிவகுப்பு வளையத்தின் ஓரத்தில் நின்று, பின்புறத் தொடைகளின் திரட்சியையும் மார்பின் அகலத்தையும் பார்த்து, “இது இப்போதே தயார்”, “இதற்கு இன்னும் ஒரு வருடம் வேண்டும்” என்கிறார்களே, அவர்கள் தெரியாமலேயே மயோஸ்டாட்டினைத்தான் படிக்கிறார்கள் என்பது என் கருத்து. வம்சாவளியைப் புரட்டுவதும் அதற்குத்தான். ஆனால் வம்சாவளிக்கு ஒரு எல்லை உண்டு. தாயும் தந்தையும் சி-டி என்றால், மரபியலின் முன்னோடி மெண்டலின் கணக்குப்படி குட்டிகளில் கால்வாசி சி-சி, பாதி சி-டி, கால்வாசி டி-டி. உடன்பிறந்த இரண்டு குதிரைகளில் ஒன்று மின்னலாக ஓடி 6 பர்லாங்கில் நிற்க, மற்றது 12 பர்லாங் தாங்குவதற்கு இது ஒரு காரணம்.

இந்தச் சி எழுத்துக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 2012-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அது சுமார் 300 ஆண்டுகளுக்கு முன், அநேகமாக ஒரு பிரிட்டிஷ் பெண் குதிரை வழியாக, ஒரே ஒரு முறை தரோபிரெட் இனத்துக்குள் வந்தது என்று கணிக்கிறது. நீண்ட தூரப் பந்தயங்கள் கோலோச்சிய காலத்தில் அதற்கு மதிப்பில்லை. 1954-ல் கனடாவில் பிறந்த நியார்க்டிக், அதன் மகன் நார்தர்ன் டான்சர் ஆகியவற்றின் வாரிசுகள் வழியாக உலகெங்கும் பரவியது. மனிதர்கள் எந்தப் பந்தயத்தைக் கொண்டாடினார்களோ அதற்கேற்ப மரபணு பெருகியிருக்கிறது.

சரி, இதை வைத்து வெற்றியைச் சொல்லிவிடலாமா? முடியாது. மரபணு தூரத்தைச் சொல்கிறது, தரத்தைச் சொல்வதில்லை. மந்தமான சி-சி குதிரைகள் ஏராளம். 1970-ல் கவென்ட்ரியை வென்ற மில் ரீஃப் அடுத்த ஆண்டே டெர்பியையும் வென்றது. 2012-ல் கவென்ட்ரியை வென்ற டான் அப்ரோச், 2013-ல் ஒரு மைல் தூர ‘2000 கினீஸ்’ பந்தயத்தை வென்றது. டெர்பியில் ஜாக்கிக்கு அடங்காமல் கடிவாளத்தை இழுத்தபடி ஓடிக் கடைசியாக வந்தது. அதே மாதம் ஆஸ்காட்டில் ஒரு மைல் பந்தயத்தில் மறுபடி ஜெயித்தது. குணம் என்ற ஒன்றை எந்தச் சோதனைக் குழாயும் இன்னும் அளக்கவில்லை.

தசையைப் பற்றி இவ்வளவு சொன்னபின் எலும்பை விட்டுவிடக் கூடாது. பாய்ச்சலில் ஒரு முன்னங்கால்மீது உடல் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு விசை விழுகிறது. முழங்காலுக்குக் கீழே உள்ள நீண்ட எலும்பு, அந்த விசைக்கேற்ப முன்பக்கத்தில் தடித்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. திருத்தம் முடிவதற்குள் வேகம் கூட்டினால் முன்பக்கம் வீங்கி வலிக்கும். இளங்குதிரைகளில் இது மிகச் சாதாரணம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டேவிட் நுனமேக்கர் செய்த ஆய்வுகள், நீண்ட மெதுவான ஓட்டத்தைவிட அடிக்கடி தரும் குறுகிய வேக ஓட்டமே இந்த எலும்பைச் சரியாகத் தயார் செய்கிறது என்று காட்டின. அதனால் ஒரு குட்டி முந்தைய வாரங்களில் எப்படிப் பயிற்சி செய்தது என்பது அதன் தசையளவுக்கு முக்கியம்.

இங்கே எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. பிரிட்டனில் பந்தயம் கட்டும் நிறுவனங்கள் குதிரைப் பந்தயத்தில் ஈட்டும் மொத்த லாபத்தில் 10 சதவீதம் தீர்வையாகப் போகிறது. 1961-ல் அமைக்கப்பட்ட தீர்வை வாரியம் அதில் ஒரு பகுதியைக் கால்நடை மருத்துவ ஆய்வுக்குத் தருகிறது. நல்ல ஏற்பாடு, மற்ற நாடுகளும் பின்பற்ற வேண்டியது. ஆனால் பரிசுத் தொகைக்குப் போவதுடன் ஒப்பிட்டால் ஆய்வுக்கு வருவது சிறு பங்கு. எந்தக் குட்டி ஜெயிக்கும் என்று கண்டுபிடிக்கச் செலவாகும் அறிவில் பாதியாவது, எந்தக் குட்டியின் எலும்பு முறியப்போகிறது என்று முன்கூட்டிக் கண்டுபிடிக்கச் செலவாக வேண்டும்.

மூடநம்பிக்கையும் இந்தத் துறையில் குறைவில்லை. ஒரு கால் வெள்ளையென்றால் வாங்கு, நான்கும் வெள்ளையென்றால் வேண்டாம் என்று ஆங்கிலேயரிடம் ஒரு பழைய சொலவடை உண்டு. நான்கு கால்களும் வெள்ளையான தி மின்ஸ்ட்ரல் 1977 டெர்பியை வென்றது. ரோம நிறத்துக்கும் ஓட்டத்துக்கும் தொடர்பு தேடுவது வீண்.

ஆகவே, கவென்ட்ரி ஓடும் நாளில் பார்க்க வேண்டியவை இவை. பிறந்த மாதம், தாய்வழிக் குதிரைகள் வென்ற தூரம், பின்புறத் தசையின் திரட்சி, முந்தைய ஓட்டத்தில் கடைசி இரண்டு பர்லாங் நேரம். ஆஸ்காட்டின் நேர்பாதை கடைசியில் ஏறுமுகமாகப் போகும். மழையில் தரை இளகியிருந்தால் 6 பர்லாங் 7 பர்லாங்கைப்போல் உழைப்பு கேட்கும். அன்றைக்கு வேக இழையை மட்டும் நம்பியிருக்கும் குட்டி, வெற்றிக் கம்பத்துக்கு நூறு மீட்டர் முன்னால் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும்.