போன் ஆன் ஆகும்போது வரும் அந்த ஆரஞ்சு எச்சரிக்கை

“எல்லாம் நல்லா இருக்கு சார், பேங்க் ஆப் மட்டும் திறக்க மாட்டேங்குது” என்று புதுப் போனை நீட்டினார் ஒருவர். தகவல் பாதுகாப்பு வேலையில் இருப்பதால் இப்படிப் போன்கள் என் மேஜைக்கு அடிக்கடி வரும். உள்ளே லீனியேஜ் ஓஎஸ், அதாவது தயாரிப்பாளர் தந்ததற்குப் பதிலாகப் போடும், தன்னார்வலர்கள் உருவாக்கும் ஆண்ட்ராய்டு இயங்குதளம். கூகுள் கணக்கு இல்லை, திறந்த மூல ஆப்களுக்கான கடையான எஃப்-டிராய்டில் இருந்து எடுத்த நாலைந்து ஆப்கள் மட்டும். பார்க்கவே சுத்தமாக இருந்தது. அணைத்துப் போடச் சொன்னேன். லோகோ வருவதற்கு முன்னால் ஆரஞ்சு நிறத்தில் ஓர் எச்சரிக்கை எட்டிப் பார்த்தது.

“அது எப்பவும் வரும் சார், கண்டுக்காதீங்க.”

கண்டுகொள்ள வேண்டியதே அதைத்தான். போன் ஆன் ஆனதும் முதலில் ஓடுகிறவற்றில் ஒன்று, இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் என்ற சிறு நிரல். அது பூட்டியிருந்தால், இயங்குதளத்தின் டிஜிட்டல் கையொப்பத்தை ஒரு சாவியால் சரிபார்த்த பிறகே உள்ளே விடும். ஆரஞ்சு வந்தால் பூட்டு திறந்திருக்கிறது என்று பொருள். போன் சிறிது நேரம் வேறொருவர் கையில் இருந்தால் போதும், இயங்குதளத்தையே மாற்றி வைக்கலாம், போன் தடுக்காது. மஞ்சள் எச்சரிக்கை வேறு கதை: பூட்டு போட்டிருக்கிறது, ஆனால் தயாரிப்பாளரின் சாவிக்குப் பதில் வேறு சாவி. கூகுளின் பிக்சல் போன்களில் கிராஃபீன் ஓஎஸ் என்ற, பாதுகாப்பை முன்னிறுத்தும் மாற்று ஆண்ட்ராய்டைப் போட்டுப் பூட்டினால் இதுதான் வரும். பயப்பட ஒன்றுமில்லை.

இந்த மாற்று இயங்குதளங்களின் மூல நிரல் திறந்திருப்பது நல்லதுதான், யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். ஆனால் வெளியிட்டவர் கையொப்பமிட்ட அதே மென்பொருள்தான், இடையில் யாரும் மாற்றாமல், உங்கள் போனில் ஓடுகிறதா என்று பார்ப்பது இந்தப் பூட்டு. (போனை மொபைல் நெட்வொர்க்கோடு இணைக்கும் மோடத்துக்குள் ஓடும் நிரல் எப்படியும் மூடியதுதான். அதைத் திருத்தித் தர சிப் தயாரிப்பாளரால்தான் முடியும். அவர் கைவிட்டால் தன்னார்வலர்களால் ஒன்றும் செய்ய முடியாது.)

பேங்க் ஆப் விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. பல ஆப்கள், போன் நம்பத்தக்கதா என்று சொல்லும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சேவையிடம் கேட்டுத்தான் திறக்கின்றன. அங்கே கூகுள் சான்று இல்லையென்றால், ஒழுங்காகப் பூட்டிய கிராஃபீன் போனையும் சில ஆப்கள் திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஆண்டுக்கணக்கில் அப்டேட்டே வராத பழைய போனில் அதே ஆப் ஓடிக்கொண்டிருக்கும்!

“சரி, இப்பவே பூட்டிடறேன்” என்று கிளம்பினார். நிறுத்தினேன். லீனியேஜ் இருக்கும் பல போன்களில் அப்படியே பூட்டினால் போன் ஆன் ஆகாமலே போய்விடலாம். பூட்டினாலும் திறந்தாலும் உள்ளே இருப்பதெல்லாம் அழியும். முதலில் பேக்கப், அப்புறம் தயாரிப்பாளரின் அசல் மென்பொருளை முழுதாக ஏற்றுவது, அதற்கும் அப்புறம்தான் பூட்டு. அதுவரை பேங்க் ஆப் பழைய போனிலேயே இருக்கட்டும் என்றேன். அரைமனதாகத் தலையாட்டினார்.