சேமநிதியில் எது சட்டம், எது அறிவிப்பு?

மலேசியாவின் ஊழியர் சேமநிதியில் இருப்பது நம் பணம்தான். ஆனால் அதை எப்போது, எவ்வளவு எடுக்கலாம் என்பதை அரசாங்கம் தீர்மானிக்கிறது. ஆட்சி மாறினால் அந்தத் தீர்மானமும் மாறக்கூடும்.

பெருந்தொற்றுக் காலத்தில் ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா என்று பணம் எடுக்க அடுத்தடுத்து அனுமதிகள் வந்தன. 2022-இல், பொதுத்தேர்தல் நடந்த அதே ஆண்டில், 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை எடுக்க இன்னொரு அனுமதி. மொத்தம் 145 பில்லியன் வெள்ளி வெளியேறியது. வேலை இழந்த குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கோலாலம்பூரின் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஐம்பதைக் கடந்த பலர் வெறும் கணக்கோடு நிற்பதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. அன்வார் இப்ராஹிம் பிரதமரான பிறகு, மீண்டும் திறந்துவிடுங்கள் என்ற கோரிக்கைக்கு அரசாங்கம் இணங்கவில்லை.

பிறகு வந்ததுதான் 2024 மே 11 முதல் நடப்பில் இருக்கும் மூன்று கணக்கு முறை. லெபோ அம்பாங்கில் ஒரு கடையில் மாதம் 2,000 வெள்ளி சம்பளம் வாங்கும் 55 வயதுக்குட்பட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் சம்பளத்தில் 11%, அதாவது 220 வெள்ளி பிடிக்கப்படுகிறது. முதலாளி 13%, அதாவது 260 வெள்ளி போடுகிறார். சேர்ந்த 480 வெள்ளியில் 360 ஓய்வுக்காலக் கணக்குக்கும், வீடு, கல்வி, மருத்துவம் போன்றவற்றுக்கான செஜாத்தெரா கணக்குக்கு 72-உம், ஃபிளெக்சிபல் கணக்குக்கு 48-உம் போகின்றன. கடைசிக் கணக்கிலிருந்து 50 வெள்ளிக்குக் குறையாமல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அதிலிருந்து மற்ற இரண்டு கணக்குகளுக்குப் பணத்தை மாற்றலாம். அங்கிருந்து இங்கே கொண்டுவர முடியாது.

எடுக்கலாம் என்பதற்காக எடுத்துவிடாதீர்கள். மற்ற இரண்டு கணக்குகளுக்குக் கிடைக்கும் அதே லாப ஈவுதான் இந்தக் கணக்குக்கும் கிடைக்கிறது. மாதம் 48 வெள்ளியை 20 ஆண்டுகள் தொடாமல் விட்டால், ஆண்டுக்கு 5% என்று கணக்கிட்டாலும் ஏறக்குறைய 19,000 வெள்ளி சேரும். போட்டது 11,520 மட்டுமே.

லாப ஈவு விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். வழக்கமான சேமிப்புக்கு 2022-இல் 5.35%, 2023-இல் 5.50%, 2024-இல் 6.30% அறிவிக்கப்பட்டது. இவை அந்தந்த ஆண்டின் முதலீட்டு வருமானத்தைப் பொறுத்தவை. சட்டம் உறுதி தருவது 2.5% மட்டுமே. இஸ்லாமிய நெறிப்படி முதலீடு செய்யப்படும் ஷரியா சேமிப்புக்கு அந்த உறுதியும் இல்லை.

சொந்தத் தொழில் செய்பவர்கள், கிராப் ஓட்டுநர்கள், வீட்டிலிருந்தே சமைத்து விற்கும் பெண்கள் ஐ-சாரான் திட்டத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 60 வயதுக்குட்பட்ட மலேசியர்கள் பதிந்துகொண்டு தாமாகச் சந்தா கட்டினால், அரசாங்கம் அதில் 20% ஊக்கத்தொகையாகச் சேர்க்கும் என்பது 2025 பட்ஜெட்டின் ஏற்பாடு. ஆண்டுக்கு 500 வெள்ளி, வாழ்நாளில் 5,000 வெள்ளி உச்சவரம்பு. ஆக, ஆண்டுக்கு 2,500 வெள்ளி கட்டினாலே முழு ஊக்கத்தொகையும் கிடைத்துவிடும். முந்தைய பட்ஜெட்டில் விகிதம் 15% ஆகத்தான் இருந்தது. பட்ஜெட் வரும் ஒவ்வோர் அக்டோபரிலும் இது கூடலாம், குறையலாம். பதிந்தாயிற்றா என்பதை சேமநிதியின் ஐ-அக்காவுன் செயலியிலோ கிளை அலுவலகத்திலோ சரிபார்த்து, டிசம்பர் முடிவதற்குள் கட்டிவிடுங்கள்.