ஸ்டேக்ஹோல்டர்: பன்றியில் யாருக்குப் பங்கு?

காட்டுப்பன்றித் தொல்லை பற்றிப் பேச ஒரு கூட்டம். அதற்குப் ‘பங்குதாரர்கள் கலந்தாய்வு’ என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும்? நிலக்கடலையைக் கிளறிப் போட்ட பன்றியில் விவசாயிக்கு என்ன பங்கு? ‘ஸ்டேக்ஹோல்டர்’ (stakeholder) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் பங்குதாரர் ஆக்கியதால் வந்த வினை இது.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பொருளே வேறு. இரண்டு பேர் பந்தயம் கட்டினால் பணயத் தொகையை மூன்றாவது ஆளிடம் கொடுத்து வைப்பார்கள். அவர்தான் ஸ்டேக்ஹோல்டர். யார் ஜெயித்தாலும் அவருக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. 1960-களில் நிர்வாகவியலார் கையில் போனதும் பொருள் தலைகீழானது: எடுக்கப்படும் முடிவால் லாபமோ நட்டமோ அடையக்கூடியவர் என்றாகிவிட்டது.

பங்குதாரரில் உள்ள ‘தார்’ பாரசீகம். ‘வைத்திருப்பவர்’ என்று பொருள். தாசில்தார், ஜமீன்தாரில் இருப்பதும் அதுவே. ஆக ‘ஹோல்டர்’ சரியாகத்தான் வந்தது. ‘ஸ்டேக்’தான் வழுக்கிவிட்டது. பணயம் என்றிருக்க வேண்டியது பங்கு ஆகி, கம்பெனி ஷேர் வைத்திருப்பவரோடு குழம்பிக் கிடக்கிறது. ‘பங்காளர்’ என்றும் எழுதுகிறார்கள். ஊரில் பங்காளி என்றாலே வரப்புச் சண்டைதான் நினைவுக்கு வரும்!

‘பணயதாரர்’ என்று சொன்னால் சூதாட்ட வாடை அடிக்கும். எழுத்தில் ‘தொடர்புடையோர்’, பேச்சில் ‘சம்பந்தப்பட்டவர்கள்’ போதும் என்பது என் கட்சி. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் விலங்குகளால் சொத்துக்கு வரும் ஆபத்தைச் சொல்லும்போது நிலத்தில் நிற்கும் பயிரையும் சொத்தில் சேர்க்கிறது. அப்படியானால் குத்தகைக்கு உழுபவரும் தொடர்புடையவரே. பட்டா அவர் பேரில் இருக்க வேண்டியதில்லை.

அடுத்து கன்சென்சஸ் (consensus), அதாவது பலரும் பேசி ஏற்றுக்கொள்ளும் முடிவு. ‘ஒருமனதாக’ என்று எழுதினால் ஒருவர்கூட மறுக்கவில்லை என்றாகிவிடும். ‘இணக்கம்’ நல்ல சொல். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்ததைப் பாருங்கள்: காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதைத் தாண்டி வந்தால் வனத்துறையினர் சுடலாம். காட்டோரத்துக் கடலைக்காரருக்கு இது போதாது, கொல்லவே கூடாது என்பவருக்கு இதுவே அதிகம். இந்த இரண்டு பேரும் ‘சரி, இப்போதைக்கு இப்படி இருக்கட்டும்’ என்றால் அது இணக்கம். ஒருமனது இல்லை.