லின்ட்: பஞ்சு அல்ல, பிசிறு

துவைத்து உலர்த்திய கறுப்புச் சட்டையில் ஒட்டிக்கொண்டு கண்ணை உறுத்தும் நார்த்தூசிக்கு ஆங்கிலத்தில் லின்ட் என்று பெயர். ஆளிச்செடியைக் குறிக்கும் 'லினும்' என்ற லத்தீன் சொல்தான் வேர். லினன் துணியும் அதே வேரில் வந்தது.

இச்சொல்லை நிரல் (கணினிக்கு எழுதும் கட்டளைத் தொகுப்பு) உலகுக்குக் கொண்டுவந்தவர் பெல் ஆய்வகத்தின் ஸ்டீபன் ஜான்சன். சி மொழி நிரல்களைச் சோதித்துச் சந்தேகத்துக்குரிய இடங்களைச் சுட்டும் தம் கருவிக்கு இப்பெயரை வைத்தார். அதைப் பற்றிய கட்டுரை 1978இல் வந்தது. நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலரே இதைச் செய்யலாமே என்று தோன்றும். அதன் முதல் வேலை நிரலை விரைவாக ஓடும் நிலைக்குக் கொண்டுவருவது. அதையும் கோப்பு கோப்பாகத்தான் செய்யும். இரண்டு மதிப்புகள் கேட்கும் ஃபங்ஷனை (பெயரிட்டு அழைக்கும் சிறு நிரல்பகுதி) வேறொரு கோப்பு மூன்று கொடுத்து அழைத்தால், அன்றைய சி கம்பைலருக்குத் தெரியவே தெரியாது. லின்ட் எல்லாக் கோப்புகளையும் சேர்த்து வைத்து நிதானமாகப் படித்தது. இன்று ஜாவாஸ்கிரிப்டுக்கு ஈஎஸ்லின்ட், பைத்தானுக்குப் பைலின்ட், ரஃப் என்று அதன் வாரிசுகள் பல.

தமிழில் இதைப் 'பஞ்சு' என்றால் தவறு. பருத்தி வணிகத்தில் லின்ட் என்பது கொட்டை நீக்கிய பஞ்சு, காசு பெறும் சரக்கு. நிரலில் அது கழிவு. 'பிழை' என்பதும் ஒட்டாது. பொருத்தமான சொல் பிசிறு. நெய்த துணியின் ஓரத்தில் தொங்கும் நூல் பிசிறு. துணி கிழிந்திருந்தால் அது வேறு கதை. 'பிசிறு தட்டாமல் பாடினார்' என்று சொல்கிறோமே, அதே பொருள்தான். இவ்வகைச் சோதனைக் கருவியான லின்டரைப் 'பிசிறுகாட்டி' எனலாம். 'நீக்கி' வேண்டாம்: சிலவற்றைத் தானே திருத்தினாலும் பெரும்பாலும் சுட்டிக்காட்டுவதோடு நின்றுவிடும். வரி இடைவெளியையும் உள்தள்ளலையும் ஒழுங்காக்கும் பிளாக், பிரிட்டியர் போன்றவை ஃபார்மேட்டர்கள். அவை இந்த வகையில் சேரா.

பிசிறு என்பதால் அற்பம் என்று நினைக்க வேண்டாம். சி மொழியில் ஒப்பிட வேண்டிய '==' இருக்குமிடத்தில் ஒற்றை '=' விழுந்தாலும் நிரல் கம்பைல் ஆகும்; ஒப்பீட்டுக்குப் பதில் மதிப்பு மாறிவிடும். பைத்தானில் ஃபங்ஷனின் இயல்பு மதிப்பாக (அழைப்பவர் எதுவும் தராதபோது எடுத்துக்கொள்வது) காலிப் பட்டியலை வைத்தால், அது வரையறுக்கும்போது ஒரே முறைதான் உருவாகும். முதல் அழைப்பில் சேர்த்தது இரண்டாம் அழைப்பிலும் எட்டிப் பார்க்கும்.

2014 பிப்ரவரியில் ஆப்பிள் அடைத்த பாதுகாப்பு ஓட்டை இன்னும் பெரிது. 'கோட்டூ ஃபெயில்' (தோல்விப் பகுதிக்குத் தாவு) என்ற வரி அடுத்தடுத்து இருமுறை இருந்தது. இரண்டாவது எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாததால், கீழேயிருந்த கையொப்பச் சரிபார்ப்பு ஓடவே இல்லை. 'எட்ட முடியாத வரி' எச்சரிக்கை இதைப் பிடித்திருக்கும். ஆனால் கிளாங் கம்பைலரின் 'வால்' (-Wall, 'எல்லா எச்சரிக்கைகளும்') தேர்வில் அது அடங்காது. பெயரில்தான் 'எல்லாம்'!

பழைய நிரலில் எல்லா விதிகளையும் ஒரே நாளில் இயக்கினால் ஆயிரக்கணக்கில் எச்சரிக்கை கொட்டும். யாரும் படிக்க மாட்டார்கள். பயன்படாத மாறி, அறிவிக்காத பெயர், எட்ட முடியாத வரி என்று நாலைந்து விதிகளோடு, மாற்றிய கோப்புகளில் மட்டும் தொடங்கலாம். பிசிறு களையும் மாற்றங்களைத் தனி கமிட்டாக (ஒன்றாகப் பதிவு செய்யும் மாற்றத் தொகுப்பு) வையுங்கள். புது வசதியோடு கலந்தால் மறுபார்வை செய்பவருக்கு எது எதற்கென்று புரியாது. ஈஎஸ்லின்டில் ஒவ்வொரு விதிக்கும் 0, 1, 2 என்று மூன்று நிலைகள்: அணை, எச்சரி, தடு. 1இல் விட்டவை பில்டை (நிரலைக் கட்டி முடிக்கும் வேலையை) நிறுத்தா, குவிந்துகொண்டே போகும். ஒன்று தடுங்கள், இல்லையேல் அணைத்துவிடுங்கள்.

பிசிறுகாட்டி வீணாகவும் கத்தும். அப்போது அந்த வரியில் மட்டும், அந்த விதியின் எண்ணைக் குறிப்பிட்டு, காரணத்தையும் எழுதி அடக்கலாம். பைத்தானில் எண்ணில்லாத வெறும் 'நோக்யூஏ' (noqa, 'இந்த வரியைச் சோதிக்காதே') குறிப்பு அவ்வரியின் எல்லா எச்சரிக்கைகளையும் விழுங்கிவிடும், நாளை அதே வரியில் வரப்போகும் உண்மையான வழு உட்பட.