ரிக்கிங்: சேணத்தின் கச்சையமைப்பு

‘ரிக்’ என்றவுடன் தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவுக்கு வருவது ஊர் ஊராகச் செல்லும் திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு வண்டி. ‘ரிக்கிங்’ என்றால் தேர்தல் நாளின் கள்ள ஓட்டு. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மாடு மேய்க்கும் பண்ணைகளில் இதே சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. குதிரைச் சேணம் ஒன்றை அங்கே விலை பேசுபவர் தோலின் தரத்தையும் இருக்கையின் அளவையும் கேட்ட கையோடு ‘ரிக்கிங் என்ன?’ என்றும் கேட்பார். சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு இறுக்கும் கச்சை சேணத்தின் எந்த இடத்திலிருந்து தொங்குகிறது, ஒரு கச்சையா இரண்டா, அதைத் தாங்கும் வளையம் எதில் பிணைக்கப்பட்டுள்ளது ஆகிய மூன்றும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கும்.

கள்ள ஓட்டைக் குறிக்கும் சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. அது ஏமாற்று, தந்திரம் என்ற பொருளில் ஆங்கிலப் பேச்சுவழக்கில் புழங்கிய வேறொரு ‘ரிக்’கின் வழி வந்தது. சேணத்தின் ரிக்கிங்கும் ஆழ்துளை வண்டியின் ரிக்கும் கப்பலிலிருந்து கரையேறியவை. பாய்மரத்தை நிறுத்தவும் பாயை ஏற்றி இறக்கவும் கட்டப்படும் கயிறுகளின் முழு ஏற்பாட்டையும் மாலுமிகள் அப்படி அழைத்தனர். அதன் வேர் ஸ்காண்டிநேவிய மொழிகளில் இருக்கக்கூடும் என்பது அகராதியாளர் கருத்து; நார்வே மொழியில் அதற்கு இணையான சொல்லின் பொருள் ‘கட்டு’ என்பதாகும். சேணத்தைப் பற்றிப் பேசும்போதும் அந்தப் பழைய பொருள் மாறவில்லை. ரிக்கிங் என்பது தனியொரு உறுப்பின் பெயர் அன்று. இழுவிசை எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று தீர்மானிக்கும் கட்டுமுறையின் பெயர்.

அந்தக் கட்டுமுறையைப் புரிந்துகொள்ள மேற்கத்தியச் சேணத்தின் உள்ளே பார்க்க வேண்டும். பதனிடாத பச்சைத்தோல் போர்த்திய மரச்சட்டம் ஒன்று அதன் எலும்புக்கூடு. குதிரையின் முதுகெலும்பைத் தொடாமல் அதன் இருபுறமும் படியும் இரண்டு நீளப் பலகைகளை முன்னால் ஒரு கவையும் பின்னால் ஒரு மேடும் இணைக்கின்றன. முன்கவையின் உச்சியில் கயிறு சுற்றுவதற்கான கொம்பு நிற்கிறது. சட்டத்தின் இருபுறமும் உலோக வளையங்கள் தொங்கும். வலப்புற வளையத்திலிருந்து வரும் தடித்த வாரில் கச்சையின் ஒரு முனை எப்போதும் மாட்டியே இருக்கும். இடப்புற வளையத்திலிருந்து தொங்கும் நீண்ட மென்தோல் வாரை வயிற்றுக்கடியில் வரும் கச்சையின் வளையத்துக்குள் நுழைத்து, மேலே இழுத்து, மீண்டும் ஒரு சுற்றுச் சுற்றி, கழுத்துப்பட்டை முடிச்சைப் போன்ற முடிச்சால் கட்டுவர், அல்லது கச்சை வளையத்தின் ஊசியில் மாட்டுவர்.

இப்பகுதிகளின் பெயர்கள் ஸ்பானிய மொழிக்கு உரியவை. கச்சைக்கு அமெரிக்கர் வழங்கும் ‘சின்ச்’, ஸ்பானிய ‘சிஞ்சா’வின் திரிபு, அதுவோ அரைக்கச்சு எனப் பொருள்படும் லத்தீன் ‘சிங்குலா’விலிருந்து வந்தது. இறுக்கும் வாருக்குரிய ‘லாட்டிகோ’ ஸ்பானியத்தில் சாட்டையைக் குறிக்கும். ஸ்பானியர் மெக்சிகோவுக்குக் கொண்டுவந்த குதிரையும் சேணமும் அங்கிருந்து டெக்சாஸுக்கும் கலிபோர்னியாவுக்கும் வடக்கே பரவியபோது பெயர்களும் உடன் சென்றன. ‘ரிக்கிங்’ மட்டும் ஆங்கிலம் பேசும் குடியேறிகள் சேர்த்தது.

இனி வகைகள். கச்சை வளையம் முன்கவைக்கு நேர்கீழே தொங்கினால் அது முழு ரிக்கிங். முன்கவைக்கும் பின்மேட்டுக்கும் சரிநடுவே தொங்கினால் அதற்கு ‘சென்டர் ஃபயர்’ என்று பெயர். துப்பாக்கித் தோட்டா வகையின் பெயரையே மாட்டுக்காரர்கள் சேணத்துக்கும் சூட்டிவிட்டனர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவற்றைப் பின்னத்தால் குறிப்பர். பின்மேட்டிலிருந்து முன்கவை வரையுள்ள தொலைவை ஒன்று எனக் கொண்டால், வளையம் அதில் எத்தனை பங்கு முன்னே நிற்கிறது என்பதே கணக்கு. பாதியில் நின்றால் சென்டர் ஃபயர். அதற்கு முன்னே வரிசையாக 5/8, 3/4, 7/8 என நகர்ந்து முழுமையை எட்டும். முன்னும் பின்னும் இரண்டு கச்சைகள் உள்ளது இரட்டை ரிக்கிங்.

இந்த வேறுபாடுகள் அலங்காரத்துக்காகத் தோன்றியவை அல்ல. டெக்சாஸில் மாட்டைக் கண்ணியிட்டுப் பிடிப்பவர் கயிற்றின் மறுமுனையைக் கொம்பில் முன்கூட்டியே முடிந்துவைத்திருப்பார். முட்புதர்களுக்கிடையே ஓடும் மாட்டைக் குட்டையான, உறுதியான நார்க்கயிற்றால் பிடித்தவுடன், அதன் முழு எடையும் ஒரே குலுக்கில் கொம்பின்மீது விழும். சேணத்தின் முன்பக்கம் இறங்கிப் பின்பக்கம் எழும்பும். அந்த எழுச்சியைத் தடுக்கவே பின்கச்சை வந்தது. கலிபோர்னியாவின் வக்கேரோக்கள், அதாவது ஸ்பானிய வழி வந்த மாட்டுக்காரர்கள், பின்னிய பச்சைத்தோலால் ஆன நீண்ட கயிற்றைப் பயன்படுத்தினர். 60 அடி நீளமுள்ளவையும் உண்டு. திடீர்க் குலுக்கலில் அத்தோல் அறுந்துவிடும். ஆகவே மாடு சிக்கிய பின்பே கயிற்றைக் கொம்பில் சுற்றி, வேண்டிய அளவு நழுவவிட்டு, வேகத்தைச் சிறிது சிறிதாகத் தணித்தனர். ‘சுற்று கொடு’ என்னும் ஸ்பானியத் தொடரே ‘டாலி’ என்று சுருங்கி அச்செயலுக்குப் பெயரானது. அதிர்ச்சி குறைவாக இருந்ததால் நடுவே ஒற்றைக் கச்சை அவர்களுக்குப் போதுமானதாயிற்று. கயிற்றின் தன்மை கட்டும் முறையை மாற்றியது. கட்டும் முறை சேணத்தை மாற்றியது. இன்று மேய்ச்சல் பண்ணைகளில் மிகுதியாகக் காணப்படுவது பின்கச்சையுடன் கூடிய 7/8 அமைப்பு. நெவாடாவை ஒட்டிய வறண்ட சமவெளிகளில் சென்டர் ஃபயருக்குப் பற்றுள்ளோர் இன்னும் இருக்கின்றனர்.

இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? சேணத்துக்கு நம்மிடம் சொற்களுக்குக் குறைவில்லை. ‘பருமம் களையாப் பாய்பரிக் கலிமா’ என்னும் நெடுநல்வாடைத் தொடரில் வரும் பருமம் போர்க்குதிரையின் மேலிட்ட கட்டு. பல்லணம் வடமொழிப் ‘பர்யாண’த்தின் வழி வந்தது. கலணை என்பதும் வழங்கியது. பாரசீக ‘ஜீன்’ நம்மிடையே ஜீனி ஆனது. அங்கவடி கால்வைக்கும் வளையத்தையும், கடிவாளம் வாய்க்கட்டையும் குறிக்கும். ஆனால் இவற்றுள் எதுவும் ரிக்கிங் ஆகாது. ‘சேணம் பூட்டுதல்’ என்று சிலர் மொழிபெயர்ப்பது பிழை. அது குதிரைமேல் சேணத்தை ஏற்றிக் கட்டும் செயல், ரிக்கிங்கோ குதிரையே இல்லாதபோதும் கடைச் சுவரில் தொங்கும் சேணத்தில் இருப்பது.

சின்ச் என்பதற்குக் கச்சை மிகப் பொருந்தும். மனிதர் இடையில் வரிந்து கட்டுவதும் கச்சை. யானையின் உடலைச் சுற்றிக் கட்டும் கயிறும் கச்சை. வடமொழிக் ‘கக்ஷ்யா’வும் இவ்விரண்டையும் குறிக்கிறது. லத்தீன் அரைக்கச்சு குதிரையின் வயிற்றுக்கு இறங்கிய அதே வழியில் நம் சொல்லும் ஏற்கெனவே நடந்திருக்கிறது. எனவே ரிக்கிங்கைக் ‘கச்சையமைப்பு’ எனலாம். முழுக் கச்சையமைப்பு, நடுக்கச்சையமைப்பு, முக்கால் கச்சையமைப்பு, இரட்டைக் கச்சையமைப்பு என்று வகைப்பெயர்களும் தடங்கலின்றிப் பிறக்கும். லாட்டிகோவுக்கு இழுவார். ‘வாரமைப்பு’ என்னும் சொல்லையும் கருதலாம், ஆயினும் சேணத்தில் வார்கள் பல; எந்த வார் என்ற ஐயம் எழும்.

கச்சையமைப்பையும் குதிரைத் தேர்வையும் தனித்தனிப் பொருள்களாகப் பேசும் வழக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை. முன்னங்காலின் முழங்கைக்குச் சற்றுப் பின்னே, நெஞ்சுக்கூட்டின் அடிப்பக்கம் குறுகும் இடம் ஒன்று உண்டு. கச்சையை எங்கே கட்டினாலும், குதிரை நடக்க நடக்க அது அந்தக் குறுகலைத் தேடிச் சென்று அமர்ந்துவிடும். சேணத்தின் மரச்சட்டம் தோள்பட்டை எலும்புக்குப் பின்னே இருக்க வேண்டும். சட்டம் தன் இடத்தில் இருக்கும்போது வளையம் அந்தக் குறுகலுக்கு நேர்மேலே தொங்கினால் இழுவிசை செங்குத்தாக இறங்கும், சேணம் அசையாது. வளையம் பின்தங்கியிருந்தால், முன்னே செல்லும் கச்சை சேணத்தையும் முன்னே இழுத்துத் தோள்பட்டைமேல் ஏற்றிவிடும். வளையம் மிகவும் முன்னே இருந்தால் கச்சை முழங்கையை உரசித் தோலைப் புண்ணாக்கும். கட்டைவண்டியில் முன்பாரமும் பின்பாரமும் பார்த்து மூட்டை அடுக்குவதைப் போன்ற கணக்கு இது. சுமை அதேதான், நிற்கும் இடம் மாறினால் விலங்கின் பாடு மாறுகிறது.

ஆகவே சேணத்துக்கேற்ற குதிரையோ குதிரைக்கேற்ற சேணமோ வேண்டும் என்பவர் முதலில் பார்க்க வேண்டியது தோள்மேடு. பிடரி முடிந்து முதுகு தொடங்கும் அந்த மேடு தெளிவாக உயர்ந்து பின்னோக்கி நீண்டிருந்தால் சேணம் பக்கவாட்டில் உருளாது. உருண்டு திரண்ட முதுகும் தாழ்ந்த மேடும் உள்ள குதிரையில் சேணத்தை நிறுத்தக் கச்சையை அளவுக்கு மீறி இறுக்க வேண்டியிருக்கும். நெடும்பயணத்தில் அது மூச்சுக்கும் தோலுக்கும் கேடு. மிக உயர்ந்து மெலிந்த மேட்டில் சட்டத்தின் கவையே இடிக்கும். நடுத்தரமே நல்லது.

மலையில் இக்கணக்கு இன்னும் கடுமையாகும். ஏற்றத்தில் சேணம் பின்னே வழுகும்; அதைத் தடுப்பது மார்பு வார். இறக்கத்தில் ஏறுபவரின் எடை முழுவதும் முன்னே சாய்ந்து சேணத்தைத் தோள்மீது தள்ளும். அதற்கு வாலடியில் செல்லும் வால்வாரோ, பின்தொடைகளைச் சுற்றிவரும் பின்தாங்கு வாரோ வேண்டும். கோவேறு கழுதைகளுக்குத் தோள்மேடு தாழ்வு என்பதால் அவற்றுக்குப் பின்தாங்கு வார் ஏறக்குறைய கட்டாயம். மான்டனாவின் பாப் மார்ஷல் காட்டுப்பகுதி போன்ற இடங்களில் 1964ஆம் ஆண்டுக் காட்டுப்பகுதிப் பாதுகாப்புச் சட்டம் மோட்டார் வண்டிகளையும் மிதிவண்டி உள்ளிட்ட இயந்திரப் போக்குவரத்தையும் தடுப்பதால், கூடாரமும் உணவும் இன்றும் விலங்குகளின் முதுகில்தான் ஏறுகின்றன.

அத்தகைய பாதைக்கு உயரம் பெருமையன்று. குதிரையின் உயரத்தைக் ‘கை’ என்னும் அளவால் சொல்வர். ஒரு கை 4 அங்குலம். சுமார் 15 கை உயரமும், குட்டையான முதுகும், முழங்காலுக்குக் கீழே தடித்த எலும்பும், கடினமான கருங்குளம்பும் உள்ள குதிரையையே நான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன், குளம்பின் நிறத்தைப் பற்றி வாதிடுவோர் வாதிடட்டும். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. 500 கிலோ குதிரைக்கு 100 கிலோ. பண்ணைச் சேணமே 15 முதல் 20 கிலோ வரை வரும் என்பதை மறந்து கணக்கிடுவோர் பலர்.

இனம் பற்றிய பேச்சு அளவுக்கு மேல் நடக்கிறது. குவார்ட்டர் குதிரை கால் மைல் பந்தயத்தால் பெயர் பெற்றது. கன்றை மறிக்கும் திருப்பமும் உடனடி வேகமும் அதற்கு இயல்பு. அதன் இனச் சங்கம் 1940இல் அமைந்தது. புள்ளிகள் கொண்ட அப்பலூசா, நெஸ் பெர்ஸ் பழங்குடியினர் வளர்த்த குதிரைகளின் வழி வந்தது. பெயர் பலூஸ் ஆற்றோடு தொடர்புடையது. துள்ளாத நடை கொண்ட மிசூரி ஃபாக்ஸ் டிராட்டர் நாள் முழுதும் ஏறுபவரின் இடுப்பைக் காக்கும். ஆயினும் ஒற்றையடிப் பாதையில் கல் உருண்டாலும் நின்று யோசிக்கும் குணமும், இரவெல்லாம் மரங்களுக்கிடையே கட்டிய கயிற்றில் அமைதியாக நிற்கும் பழக்கமும் எந்த இனச் சான்றிதழிலும் எழுதப்படுவதில்லை. எட்டு வயது தாண்டிய, மலை பார்த்த குதிரை, அழகான மூன்று வயதுக் குட்டியைவிட மேல்.

இரட்டைக் கச்சையமைப்பில் கட்டும் வரிசையில் தவறக் கூடாது. முன்கச்சையை முதலில் கட்ட வேண்டும், பின்கச்சையையும் மார்பு வாரையும் அதன்பின். அவிழ்க்கும்போது முன்கச்சை கடைசி. முன்கச்சை அவிழ்ந்து பின்கச்சை மட்டும் கட்டியிருக்கும் நேரத்தில் குதிரை மிரண்டால், சேணம் சுழன்று வயிற்றுக்கடியில் தொங்கும். அதை உதைத்துக்கொண்டே குதிரை ஓடும். பின்கச்சை வயிற்றைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், இறுக்கக் கூடாது. தொங்கவும் விடக் கூடாது, ஈயை விரட்டக் காலைத் தூக்கும் குதிரையின் குளம்பு அதில் சிக்கும். இரு கச்சைகளையும் வயிற்றின் நடுவே இணைக்கும் சிறு வார் இல்லையென்றால் பின்கச்சை விலாவுக்குப் பின்னே நழுவிக் கூச்சமூட்டும், அடக்கமான குதிரையும் துள்ளும். முன்கச்சையை ஒரே இழுப்பில் இறுக்குவதும் வேண்டாம். பல குதிரைகள் அந்நேரம் மார்பை உப்பிக்கொள்ளும். சிறிது இறுக்கி, பத்தடி நடத்தி, மறுபடி இறுக்கி, ஏறுமுன் ஒருமுறையும் முதல் ஏற்றத்துக்கு முன் ஒருமுறையும் விரல்விட்டுப் பார்ப்பதே முறை.

விற்பனைக்கு நிற்கும் குதிரையிடம் அதன் பழைய கச்சையமைப்பின் கதையையும் படிக்க முடியும். பழுப்பு நிற முதுகில் தோள்மேட்டின் இருபுறமும் வெள்ளை முடித்திட்டுகள் இருந்தால், சட்டம் நெடுநாள் அழுத்திய இடம் அது. முழங்கைக்குப் பின்னே முடி உதிர்ந்து தோல் தடித்திருந்தால் வளையம் முன்னே நின்றிருக்கிறது. அந்த இடங்களில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தும்போது குதிரை காதைப் பின்னே மடக்கினால், விற்பவர் என்ன சொன்னாலும் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடலாம்.