இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் பெட்ரோல் மிச்சமாகுமா?

நீண்ட இறக்கத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியை உருளவிட்டால் மைலேஜ் கூடுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் இருந்த பழைய வண்டிகளில் ஓட்டப் பழகியவர்கள் சட்டென்று ஆமாம் என்பார்கள். அந்த வண்டிகளில் பெரும்பாலும் காற்றின் உறிஞ்சலே பெட்ரோலை இழுத்துக்கொள்ளும்; எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு செலவு. அதனால் அந்தப் பழக்கத்தில் நியாயம் இருந்தது.

இன்ஜெக்டர் வந்தபின் கதையே வேறு. இன்ஜெக்டர் என்பது எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும், மின்சாரத்தில் திறக்கும் ஒரு சின்ன வால்வு. ஈசியூ என்ற கணினி சொன்னால்தான் திறக்கும். கியரில் ஓடும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுக்க எடுத்துவிட்டீர்கள், எஞ்சினும் ஐட்லிங்கைவிட (வண்டி நிற்கும்போது எஞ்சின் சும்மா ஓடும் வேகத்தைவிட) நன்றாக வேகமாகச் சுற்றுகிறது என்றால், ஈசியூ இன்ஜெக்டரைத் திறப்பதையே நிறுத்திவிடும். ஒரு சொட்டுகூட உள்ளே போகாது. அப்படியும் எஞ்சின் நிற்காது! இவ்வளவு நேரம் எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றியது. இப்போது சக்கரம்தான் கியர்பாக்ஸ், கிளட்ச் வழியாக எஞ்சினைச் சுழற்றுகிறது. பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுகின்றன, வால்வுகள் திறந்து மூடுகின்றன, ஆனால் உள்ளே எதுவும் எரிவதில்லை. த்ராட்டில் என்பது எஞ்சினுக்குள் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் தகடு; கிட்டத்தட்ட மூடிக் கிடக்கும் அதன் இடுக்கு வழியாகக் காற்றை இழுக்க பிஸ்டன்கள் படும் பாடும், உள்ளே நடக்கும் உராய்வும் சேர்ந்துதான் வண்டியின் வேகத்தைக் குறைக்கும் எஞ்சின் பிரேக். சுற்று ஐட்லிங்கை நெருங்கும்போது, எஞ்சின் அணைந்துவிடாதபடி இன்ஜெக்டர் மறுபடி திறக்கும். அது எந்த நொடியில் நடந்தது என்று பெரும்பாலும் நமக்குத் தெரியவே தெரியாது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்காத ஏற்பாடு இது.

நியூட்ரலில் இந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோலை எரித்துத்தான் சுழல வேண்டும். அதற்கு ஒரு நடுத்தரக் காரில் ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை ஆகும். வண்டியைப் பிடிக்கும் பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழந்தால் அப்புறம் உயிருக்கே ஆபத்து. சமதளத்தில் நியூட்ரல் வண்டி கூடுதல் தூரம் உருளும் என்பது உண்மைதான். ஆனால் நிற்கத்தான் போகிறோம் என்றால் கியரிலேயே விடுவது மேல்.

உண்மையான சேமிப்பு பிரேக்கை மிதிக்காமல் இருப்பதில் இருக்கிறது. 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் 2 லட்சம் ஜூல் இயக்க ஆற்றலைச் சுமந்து ஓடுகிறது. எஞ்சினின் திறன் 25 சதவீதம் என்று வைத்தால், அதைச் சேர்க்க ஏறத்தாழ 25 மி.லி. பெட்ரோல் ஆகியிருக்கும். பிரேக் அடித்து நிறுத்தினால் அத்தனையும் வெறும் சூடு. தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே காலை எடுங்கள்.

மைலேஜ் கூடும் என்று சொல்லி விற்கும், பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தத்தைப் பற்றியும் அவர் கேட்டிருந்தார். அதை விற்பவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. இன்றைய எஞ்சின் உள்ளே வரும் பெட்ரோலைக் கிட்டத்தட்ட முழுவதுமாகவே எரித்துவிடுகிறது. இழப்பெல்லாம் வெப்பமாகப் போவதில்தான். காந்தம் அதில் என்ன செய்துவிடும்? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படி மைலேஜ் கூட்டுவதாகச் சொல்லப்பட்ட 100க்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்திருக்கிறது. குறிப்பிடும்படி பலன் தந்தது ஒன்றுகூட இல்லை. வண்டியில் ஏதாவது மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், கூரைமேல் சும்மா கிடக்கும் கேரியரைக் கழற்றுங்கள், டயரில் சரியான காற்று வையுங்கள்.